குதிரைக்காரியின் பரீட்சை

அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் "குதிரைக்காரம்மா வீடு எது?" என்று யாரிடமாவது கேட்டுவிட்டு, லாயத்தைத் தேடிக்கொண்டு நிற்பதுண்டு. லாயமும் கிடையாது, கொள்ளும் கிடையாது. தகரக் கதவு போட்ட ஒரு பட்டறை, அதற்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு, மாடியில் நாத்தனார், அவ்வளவுதான். துப்பாக்கியின் விசையை இழுத்ததும் பாய்ந்து வந்து அடிக்கிறதே ஒரு சுத்தி, அதற்குத்தான் குதிரை என்று பெயர். அதன் கழுத்தை நெருப்பில் காட்டி, அடிக்க வேண்டிய இடத்தில் இம்மி பிசகாமல் அடிக்கும்படி வளைத்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. துப்பாக்கி சுடும் சங்கத்துக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். போகப்போகக் கேலி உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இத்தனை வருடம் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு வெடிச்சத்தம் ஆகாது. சுட்டுப் பார்க்க வேண்டிய நாளில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் போய் நிற்பாள். அவள் பிறந்த வீடு கடிகாரம் பழுதுபார்க்கிற வீடு. அங்கே பெரிய சத்தமென்றால் அலாரம்தான். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் ஒரு துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க, புதுப்பெண் கையிலிருந்த டீ கோப்பையோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கோப்பையிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையாம். அந்தக் கையைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் அவளிடம் அரத்தைக் கொடுத்தார்.

பத்து வருடத்தில் தொழில் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பேச்செல்லாம் அவர், வேலையெல்லாம் இவள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பேச்சு அப்படிப்பட்ட பேச்சு. வயலில் பன்றி விரட்டுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையில் வட்டம் போட்டு அதைச் சுட்டு விளையாடும் சங்கத்துக்காரர்களும்தான் வாடிக்கை. எல்லாம் குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய ரகத் துப்பாக்கிகள். ஒரு திருகு மாற்ற வந்தவர்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த ஒரு மணி நேரத்தில் இவள் உள்ளே குனிந்த தலை நிமிராமல் மூன்று பேர் வேலையை முடித்திருப்பாள். கடைசியில் அவர் எடுத்துப் பார்த்து, "பலே" என்று சொல்லி, ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணியது, வலது கை தொங்கிப்போனது. அந்த மனிதருடைய சொத்து என்று இருந்ததே பேச்சும் கையெழுத்தும்தான். பார்த்துப் பார்த்து அந்த இரண்டையுமே எடுத்துக்கொண்டு போய்விட்டது அந்த நோய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் அழுகையும் ஆத்திரமுமாக, "என் தம்பிய ஓட ஓட வேல வாங்கி இப்படிப் படுக்க வச்சுட்டியேடி!" என்று கத்தினார். வேலை வாங்கப்பட்டது யார் என்பது தெருவுக்கே தெரியும். குதிரைக்காரி அன்றிலிருந்து வீட்டுக்காரரின் ஒரு காரியத்தையும் நாத்தனாரைத் தொட விட்டதில்லை. குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, ஊட்டுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது, இரவில் மூன்று தடவையோ நான்கு தடவையோ எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, எல்லாம் அவள்தான். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறு வருடமாக இப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வைராக்கியம் என்று சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். எதுவானாலும் அது அவள் உடம்பைத்தான் தின்றது. ஐம்பத்திரண்டு வயதில், அரம் பிடிக்கும்போது கண் தானாகச் சொருகும். வைஸில் மாட்டிய இரும்பில் நெற்றி இடித்துத்தான் விழிப்பாள்.

பட்டறை மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் இடது கையால் ஒரு கோணல் கோடு கிழிப்பார், அதைக் கையெழுத்து என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். இந்த வருடம் வந்த புது விதி அதற்கும் வேட்டு வைத்தது. லைசென்ஸ் வைத்திருப்பவரே நேரில் வந்து வேலை செய்து காட்ட வேண்டுமாம். அவரால் சட்டைப் பொத்தானே போட முடியாது. மாதக் கடைசியோடு அவருடைய லைசென்ஸ் முடிகிறது. அதற்குள் குதிரைக்காரி பரீட்சை எழுதித் தன் பெயரில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தகரக் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். ஊரில் பாதித் துப்பாக்கி அவள் கை பட்டுச் சுடுகிறது, அவளுக்கே பரீட்சையா என்று சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் பயம் ஒன்றும் இல்லை. இன்னொரு வேலை, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

பரீட்சை என்பது இதுதான். சக்கிமுக்கிக் கல் தட்டி நெருப்புப் பொறியால் சுடுகிற ஒரு பழந்துப்பாக்கியைப் பரிசோதகர் அலுவலகத்திலிருந்து அனுப்புவார்கள். அதைக் கேப்பு வைத்துச் சுடுகிற ரகமாக மாற்றிப் பதினைந்து நாளில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கல்லையும் அது உரசுகிற தகட்டையும் கழற்றி எறிய வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில், நெருப்பு உள்ளே போவதற்காக இருக்கும் ஊசித் துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, சுண்டுவிரல் நுனி அளவு எஃகு உருளை ஒன்றைத் திருகி ஏற்ற வேண்டும். உருளையின் முதுகில் நிப்பிள். நிப்பிளின் தலையில் செம்புத் தொப்பி போலக் கேப்பு உட்காரும். புதுக் குதிரை வந்து அதை அடித்தால் நெருப்பு நிப்பிள் வழியாக ஓடி, உருளைக்குள் திரும்பி, உள்ளே இருக்கிற மருந்தைப் பற்ற வைக்கும். கேட்க லேசாகத்தான் இருக்கும். வந்தது சின்னத் துவாரத் துப்பாக்கி. அதன் குழலில் ஒரு பட்டாணி போகும், இரண்டு பட்டாணி சேர்ந்து போகாது. பெரிய துவாரமென்றால் உருளை ஒரு நூல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இதில் மயிரிழை நீட்டினாலும் துடைக்கிற துணி மாட்டும். ஒரு மயிரிழை குறைந்தால் அங்கே கசடு சேர்ந்து பத்தாவது குண்டுக்கு நெருப்பு எட்டாது.

இந்தத் தொழிலில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. துப்பாக்கி யார் கொண்டுவந்தாலும், "காலியாத்தாங்க இருக்கு" என்று சத்தியமே செய்தாலும், கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட வேண்டும். குழலின் வாயருகே கட்டைவிரலால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்து, குழலின் மேல் நீளவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி ஊசித் துளை வரைக்கும் எட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. மூன்று விரற்கிடை குறைந்தால் யாரோ எப்போதோ போட்ட மருந்தும் குண்டும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய துப்பாக்கிகளில் இருபது முப்பது வருடம் தூங்குவதும் உண்டு. அதனால் பட்டறையில் இரண்டு மரச் சட்டங்கள் வைத்திருந்தார்கள். உள்ளே வந்த துப்பாக்கி முதலில் இடது சட்டத்தில் நிற்கும். கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் வலது சட்டத்துக்குப் போகும். வலது சட்டத்தில் இருப்பதை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஒழுங்கு தவறியதில்லை.

அலுவலகத்துப் பியூன் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டியது ஒரு வியாழக்கிழமை காலை. அவள் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே தடால் என்று சத்தம். வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்துவிட்டார். கையிலிருந்ததை எட்டிய இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினாள். எட்டிய இடம் வலது சட்டம்.

வீட்டுக்காரருக்குப் பெரிதாக அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் எண்பது கிலோ ஆளைத் தனியாகத் தூக்கி உட்கார வைப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. சத்தம் கேட்டு மாடியிலிருந்து பாதிப் படி இறங்கி வந்த நாத்தனார், "நான் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றார். "வேணாம் அண்ணி, ஆச்சு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கும் மறுநாளும் பட்டறைப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தபோது துப்பாக்கி வலது சட்டத்தில் நின்றது. அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. 'பின் திருகைக் கழற்றக் கூடாது' என்று, குழலின் அடியை மூடியிருக்கிற திருகைப் பற்றி எழுதியிருந்தது. ஊசித் துளையை மெழுகால் அடைத்திருந்தார்கள். துரு ஏறாமல் இருக்க அடைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். மற்ற நாளாக இருந்தால் அந்த மெழுகே அவளை நாலு கேள்வி கேட்க வைத்திருக்கும். வலது சட்டத்தில் இருந்தது, எடுத்தாள், வைஸில் மாட்டினாள், கைத்துளைப்பானில் எண்ணெய் விட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். மனசெல்லாம் துளை கோணாமல் போக வேண்டுமே என்பதில்தான் இருந்தது.

இரும்புச் சுருள் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கை லேசானது, துளை உள்ளே திறந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த சுற்றில் வந்த சுருளோடு கறுப்பாக ஏதோ வந்தது. எண்ணெய்க் கசடு என்று விரலால் துடைத்தாள். இன்னும் அரைச் சுற்று சுற்றினாள். மறுபடி கறுப்பு, இந்தத் தடவை தூள்தூளாக.

கை அப்படியே நின்றுவிட்டது. சுற்றவும் பயம், எடுக்கவும் பயம். இரும்பும் இரும்பும் உரசிச் சூடாகியிருக்கிற இடத்தில் மருந்து. குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். சுவருக்கு நேராக இருந்தது. ஒரு செங்கல் தடிமனுள்ள அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீட்டுக்காரரின் கட்டில்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. பிறகு துளைப்பானை விட்டுவிட்டு, ஓசைப்படாமல் பின்னால் நடந்து, தெருப் படியில் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு டெய்லர் "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். "வெயிலு" என்றாள். மழை வருகிற மாதிரி மூட்டமாக இருந்தது அப்போது.

பிறகு எழுந்து போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தாள். குழலின் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றினாள். துளையைச் சுற்றி ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டாள். இரும்பு நன்றாக ஆறியதும் துளைப்பானை மெல்லத் திருப்பி எடுத்தாள். கம்பியின் நுனியில் திருகுமுள்ளை மாட்டி உள்ளே விட்டு, ஈயத்தில் கடிக்க வைத்து இழுத்தாள். பட்டாணி அளவு குண்டு, சுற்றிய துணியோடு வந்தது. பின்னாலேயே கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது. கையெல்லாம் மை. கம்பியை மறுபடி விட்டு, எடுத்து, வெளியே வைத்துப் பார்த்தாள். இப்போது சரியாகத் துளை வரைக்கும் எட்டியது. இரண்டு நாளுக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரரின் எதிரில் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். என்ன தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அவர் அவள் விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு நாளைக்குப் பத்துச் சொல். அதில் ஒன்றை எடுத்துச் செலவழித்தார்.

"கம்பி?"

"சாப்பிடுங்க."

வாயை மூடிக்கொண்டார். கரண்டி உதட்டில் இடித்தது.

"கம்பி?" என்றார் மறுபடியும்.

"விடலைங்க. சட்டத்துல மாத்தி வச்சுட்டேன். நீங்க விழுந்த அன்னைக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "நான் எத்தனையத்தான் ஞாபகம் வச்சுக்குறது? உங்க மாத்திர, உங்க துணி, உங்க சோறு, பட்டற, கடுதாசி... எனக்கு என்ன ரெண்டு தலையா இருக்கு? படுத்தா எந்திரிக்கச் சொல்றீங்க, எந்திரிச்சா விழுந்து வைக்கிறீங்க!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே கேவலமாக இருந்தது. அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. நோய் வந்ததிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் இது எதற்கான தண்ணீர் என்று சொல்ல முடியாது. பிறகு வாயைத் திறந்து மீதியைச் சாப்பிட்டார்.

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில் அவள் செய்த வேலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது அப்பழுக்கில்லாத வேலை. மரை வெட்டும்போது கால் சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தித் தூளைத் துடைத்தாள். உருளையை ஏற்றி, குழலுக்குள் துணி விட்டுப் பார்த்து, மாட்டுகிறது என்று கழற்றி, நுனியில் அரம் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி ஏற்றினாள். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை துணி வெண்ணெயில் போவது போலப் போய் வந்தது. குதிரைக்கு வந்தபோது மெழுகுவத்திப் புகையை நிப்பிளின் தலையில் பிடித்துக் கரியாக்கி, குதிரையை மெதுவாக இறக்கி, அதன் குழிந்த முகத்தில் என்ன அச்சு விழுகிறது என்று பார்த்தாள். முதலில் பிறை விழுந்தது. கழுத்தைப் பழுக்கக் காய்ச்சி ஒரு தட்டு. முக்கால் வட்டம். இன்னொரு தட்டு. முழு வட்டம். வேறு யாராவது இருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவள் தண்ணீரில் முக்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்கப் போனாள்.

வேலைத்தாள் என்று ஒன்றைத் துப்பாக்கியோடு கொடுத்திருந்தார்கள். அதன் முதல் கேள்வி, வேலைக்கு முன் குழல் சோதிக்கப்பட்டதா, கம்பியின் உள் அளவு என்ன, வெளி அளவு என்ன. மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். இது மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டு எண்களைப் போட்டால் முடிந்தது. குழல் இப்போது காலிதானே, அளந்து எழுதினால் எண்ணும் உண்மையான எண்ணாகவே இருக்கும். பரீட்சை அன்று காலையில் அலுவலக வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அன்றைக்கு வீட்டுக்காரரை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வேறு வழியில்லை. கிளம்பும்போது மாத்திரை, துணி, தண்ணீர் என்று கால் மணி நேரம் விளக்கினாள். "எனக்குத் தம்பிதான்மா அவன், நேத்து வந்த விருந்தாளி இல்ல. போயிட்டு வா" என்றார் நாத்தனார்.

பரிசோதகர் ஒடிசலான மனிதர். பேசினால் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு குரல். அலுவலகத்துக்குப் பின்னால் மண்மேடு போட்ட இடத்தில் துப்பாக்கியைத் தானே கெட்டித்து, கேப்பு வைத்து, பத்துத் தடவை சுட்டார். குதிரைக்காரி பஞ்சை அடைத்த காதோடு ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தாள். பத்தும் வெடித்தன. ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை. அடிபட்ட கேப்பு ஒன்றுகூடச் சிதறவில்லை, எல்லாம் பூ மாதிரி விரிந்து கழன்றன. துணி விட்டுப் பார்த்தார். விளக்குப் பிடித்துப் பார்த்தார். நகத்தால் உருளையைச் சுற்றித் தடவினார்.

"இந்த மாதிரி வேல பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

அவளுக்கு அப்படியே அந்த மண்மேட்டின் மேல் படுத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே மேசைக்கு வந்து வேலைத்தாளைப் படித்தார். முதல் கட்டத்திலேயே கண் நின்றுவிட்டது. அவள் எழுதியிருந்தது இதுதான்: 'சோதிக்கவில்லை. சட்டத்தில் மாற்றி வைத்துவிட்டேன். துளையிடும்போது மருந்து வந்தது. தண்ணீர் ஊற்றி, குண்டைப் பிடுங்கி எடுத்தேன்.'

"இத எதுக்குமா எழுதுனீங்க?"

"நடந்தது சார்."

"ரெண்டு நம்பர்தானே. போட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய் எழுதுனா அத ஞாபகம் வச்சுக்கணும் சார். எனக்குத் தெம்பு இல்ல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். உள்ளே கறுப்புத் தூள்.

"மோந்து பாருங்க."

முகர்ந்தாள். வாடை ஒன்றும் வரவில்லை.

"அடுப்புக்கரி. இடிச்சுச் சலிச்சது. நான்தான் போட்டு அனுப்புறேன், ஒவ்வொரு பரீட்சத் துப்பாக்கிலயும், இருபது வருஷமா. மேல குண்டு, துளையில மெழுகு. நிஜ மருந்துன்னா கந்தக வாட வரும். அது உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக அவள் சேலையிலும் தலைமுடியிலும் ஏறிக் கிடக்கிற வாடை அது. தூக்கத்தில் காட்டினாலும் சொல்லியிருப்பாள். அன்றைக்குக் காலை முழுவதும் அந்தத் தூளைக் கையால் அள்ளியிருக்கிறாள், நகக்கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்கு ஊட்டியிருக்கிறாள், வாடை இல்லை என்பது உறைக்கவே இல்லை. கம்பி விட மறந்ததைக்கூட அவள் தனக்குத்தானே மன்னித்திருந்தாள். இதை மன்னிக்க முடியவில்லை.

"மொதல்லயே கம்பி விட்டுப் பாத்தவங்க அன்னைக்கே இங்க ஓடி வந்து என்கிட்டக் கத்துவாங்க. மருந்தோட அனுப்புறியே, நீயெல்லாம் ஆபீசரான்னு. கத்துனவங்க வேலையும் நல்லா இருந்தா பாஸ். பாக்காமலே நம்பர் போடுறவங்களும் இருக்காங்க. அவங்க இனிமே இந்த வாசப்படிய மிதிக்க முடியாது. எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான். உங்கள என்ன பண்றதுன்னு என் புஸ்தகத்துல இல்ல."

அவர் பேனாவை மூடித் திறந்தார். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது.

"வேலைக்கு மார்க் போடச் சொன்னா நூத்துக்கு நூறு போடுவேன். ஆனா தெம்பு இல்லாத கையில துப்பாக்கியக் குடுக்கக் கூடாதுன்னுதான்மா இந்தப் பரீட்சையே. இன்னைக்கு நான் பாவம் பாத்துக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு நிஜ மருந்தோட ஒண்ணு வரும். அப்புறம் நான் உங்க வீட்டுக்கு வேற காரியத்துக்கு வரணும்." தாளில் எழுதினார். "மூணு மாசம் கழிச்சு வாங்க. வேற துப்பாக்கி தரேன்."

"மாசக் கடைசிலேருந்து கடைய மூடணுமே சார்."

"மூடுங்கம்மா" என்றார். கோபம் எதுவும் இல்லாத குரல். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

திரும்பி நடக்கும்போது அவரை நன்றாகத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வார்த்தை கூடியதும் மூன்றாவது வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. செங்கல் சுவரும் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தன. பாதி வழியில் ஒரு கடை வாசலில் நின்று, யாரும் பார்க்காத மாதிரி முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். அழக்கூட முழுசாகத் தெம்பில்லை, சீக்கிரமே நின்றுவிட்டது.

வீட்டில் வீட்டுக்காரர் குளித்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை பளபளவென்று சீவியிருந்தது. வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பையனுக்கு எடுப்பது போல. நாத்தனாருக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்.

"என்ன ஆச்சு?" என்றார் நாத்தனார்.

"பெயிலு." நடந்ததை எல்லாம் சொன்னாள். வலது சட்டம், கறுப்புத் தூள், சுவர், கட்டில், டப்பா, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. வீட்டுக்காரர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, இது அந்த வீட்டில் கேள்விப்படாத விஷயம்.

முடிந்ததும் நாத்தனார் சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரில ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். ஆறு வருஷமா நானும் அந்தப் படியில பாதி வரைக்கும் இறங்கி வந்து திரும்பிப் போறேன். ஒரு வார்த்தைக்காக நீ செத்தே போகணுமாடி? அவனையும் சேத்துக் கொல்லணுமா?"

குதிரைக்காரிக்குப் பதில் சொல்ல எத்தனையோ இருந்தன. ஆறு வருடமாக ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்தவை. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு ராத்திரிக் கணக்கைச் சொன்னாள்.

"ராத்திரி மூணு தடவையாவது எந்திரிக்கணும் அண்ணி. சில நாளு நாலு."

"எனக்கு மட்டும் இந்த வயசுல தூக்கமா வந்து கொட்டுது? முழிச்சுக்கிட்டுதான் கெடக்குறேன். கீழ கெடந்து முழிச்சுக்குறேன். போ, போய்ப் படு."

"பட்டறயப் பூட்டல."

"நான் பூட்டிக்கிறேன். சாவி எங்க இருக்குன்னு தெரியும். போடி."

பகல் இரண்டு மணி. உள் அறையில் வெறும் பாயில், முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் சாய்ந்தாள். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும், மாதக் கடைசிக்குள் கையிலிருக்கிற வேலைகளை முடித்து ஆட்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வரிசை போட ஆரம்பித்தாள். வரிசையில் இரண்டாவது ஆளுக்குப் போவதற்குள் தூங்கிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு யாரோ தகரக் கதவைத் தட்டினார்கள். நாத்தனார் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இடது கையால் சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து, உள் அறையைத் தாண்டும்போது மட்டும் நின்று அவள் மூச்சைக் கேட்டுவிட்டு, வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தார். பன்றி விரட்டுகிற ஆள் ஒருவர் தோளில் துப்பாக்கியோடு நின்றார்.

"அய்யா, குதிரைக்காரம்மா இல்லையா? குதிர லொடலொடன்னு ஆடுது, ஒரு தட்டு தட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"தூங்குறா."

"ஓ. சரிங்கய்யா. எழுப்ப வேணாம். எப்ப வரட்டும்? அஞ்சு மணிக்கு வரவா?"

வீட்டுக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். இடது கையைச் சுவரிலிருந்து எடுத்தார். உடம்பு லேசாக ஆடியது, ஆனால் நின்றுகொண்டார். மூன்று விரல்களை விரித்து அந்த ஆளின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"மூணு... மாசம்."